நிவாரணமும் காயகற்பமும்



ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி, மாதவிடாய் நின்று ஓராண்டோ ஈராண்டோ ஆன நிலையில், இரவில் மூன்று நான்கு முறை வியர்வையில் நனைந்து விழித்தெழுந்து, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி, அருகில் உறங்குபவர் குளிர்கிறதென்று முணுமுணுக்க அதை மறுபடியும் குறைத்து, விடிந்தபின் உறக்கமில்லாத கண்களோடு அடுப்படிக்கோ அலுவலகத்துக்கோ செல்லுகையில், அந்த உபத்திரவத்தை நீக்கக்கூடிய மருந்தொன்று எண்பது ஆண்டுகளாக உலகில் வழங்கி வருகிறதென்பதும், அதே மருந்தை வைத்தியர்கள் ஒரு தலைமுறைக் காலம் அமிர்தமென்றும் அடுத்த தலைமுறைக் காலம் விஷமென்றும் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதும் அவளுக்கு ஒருங்கே தெரியவந்தால், அவள் எதை நம்புவாள்? எந்த வைத்தியரிடம் போய் எந்தக் கேள்வியைக் கேட்பாள்?

ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி இன்று பேச முற்படும் நான், அந்தப் பெண்மணியின் கேள்வியையே என் பொருளாகக் கொள்கிறேன். மருந்தின் குணதோஷங்களை வரிசையாக வாசித்துக் காட்டுவது என் நோக்கமன்று. அதற்கு மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதமே போதும். துன்பம் தீர்க்க வந்த ஒரு மருந்தின் தலையில் முதுமையைத் தடுக்கும் பாரத்தையும் சேர்த்து ஏற்றிவைத்ததனால்தான் அதைப் பற்றி இத்தனை முரண்பட்ட அபிப்பிராயங்கள் எழுந்தன என்பது என் கட்சி. நம் சித்தர்கள் பிணி தீர்க்கும் மருந்தை ஒரு வகையாகவும், நரை திரை மூப்பை விலக்கும் காயகற்பத்தை வேறொரு வகையாகவும் வைத்துப் பேசினார்கள். மேல்நாட்டு வைத்தியமோ இந்த ஒரு விஷயத்தில் இரண்டையும் ஒரே மாத்திரைக்குள் அடக்கப் பார்த்தது. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் சரீரத்தின் கணக்கைப் பார்ப்போம். பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து லட்சம் முதல் இருபது லட்சம் வரை முட்டைகள் அடங்கியிருக்கின்றன. பூப்பெய்தும் பருவத்தில் மூன்று நான்கு லட்சமே எஞ்சியிருக்கும். ஆயுள் முழுவதிலும் பக்குவமடைந்து வெளிவருபவை நானூறு ஐந்நூறுக்கு மேற்படுவதில்லை. மற்றவை யாவும் தாமே தேய்ந்து மறைகின்றன. அந்த இருப்பு ஆயிரத்துக்கும் கீழே இறங்கிய நிலையில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் சுரப்பு தடுமாறி, பின் ஏறத்தாழ நின்றுபோகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதாலமஸில் உடலின் வெப்பநிலையைக் காவல் காக்கும் நரம்பணுக்களுள் ஒரு கூட்டம் ஈஸ்ட்ரோஜனின் அடக்குமுறைக்குக் கட்டுப்பட்டது. அந்த அடக்குமுறை விலகியதும் அவ்வணுக்கள் பருத்து, மிகையாக இயங்கி, உடலில் இயல்பாக நிகழும் மிகச் சிறிய வெப்ப ஏற்றத்தைக்கூடப் பெருங்காய்ச்சலாகப் பாவித்து, தோலின் இரத்தக் குழாய்களை விரியச்செய்து வியர்வையைப் பெருக்கிவிடுகின்றன. குப்பென்று மார்பிலிருந்து முகத்துக்கு ஏறும் அந்தச் சூடு இப்படித்தான் பிறக்கிறது. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து கவனித்த ஸ்வான் என்னும் ஆய்வு, அடிக்கடி வரும் இத்தாக்கம் பாதிப்பேருக்கு 7.4 ஆண்டுகளுக்கு மேலும் நீடிக்கிறதென்று 2015-இல் தெரிவித்தது. நம் ஊர்களிலே கத்திரி வெயிலில் வேர்த்துக் கொட்டுவதற்கு வயது காரணமா, சித்திரை மாதம் காரணமா என்று பிரித்தறிவதே கடினமாகையால், பலர் அதை வெயிலின் கணக்கிலேயே எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். எலும்பு மெலிவதும், பிறப்புறுப்பு வறண்டு சிறுநீர் எரிச்சல் காண்பதும் சந்தடியில்லாமல் பின்னால் வருகின்றன.

இது நோயா, இயற்கையா என்று கேட்பவர்கள் உண்டு. பிராணி வர்க்கத்தில் இனப்பெருக்கம் ஓய்ந்த பிறகும் நெடுங்காலம் பெண் உயிர்வாழ்வது மிகவும் அபூர்வம். மனித குலத்தையும், ஓர்கா முதலிய சில பல்லுள்ள திமிங்கிலங்களையும், உகாண்டாவின் ங்கோகோ காட்டில் இவ்வியல்பு உடையதென்று 2023-இல் கண்டறியப்பட்ட சிம்பன்சிக் கூட்டத்தையும் விட்டால் வேறு உதாரணம் காட்டுவது சிரமம். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்ஸா மக்களிடையே பாட்டிமார் தேடிக் கொணரும் உணவு பேரக்குழந்தைகளின் வளர்ச்சிக்கு எவ்வளவு துணையாகிறதென்று கிறிஸ்டன் ஹாக்ஸ் என்னும் மானிடவியலாளர் ஆராய்ந்து, மாதவிடாய்க்குப் பிந்திய நீண்ட ஆயுளுக்கே அதில் ஒரு காரணத்தைக் கண்டார். ஆயினும் ஒன்று இயற்கையாயிருப்பதனாலேயே அதைப் பொறுத்துக்கொண்டுதான் ஆகவேண்டுமென்று வாதிப்பது எனக்கு உடன்பாடில்லை. பிரசவ வேதனையும் இயற்கைதான். அதற்கு மருந்து கொடுப்பதை இன்று யாரும் ஆட்சேபிப்பதில்லை.

இனி மருந்தின் வரலாறு. அது காயகற்ப ஆசையிலேயே தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது. 1889-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ் நகரில், உடலியல் துறையில் பெரும் கீர்த்தி பெற்றிருந்த பிரௌன் செக்கார் என்பவர், தமது எழுபத்திரண்டாம் வயதில் சக விஞ்ஞானிகள் கூடிய சபையில் எழுந்து, நாயின் விரையையும் கினிப் பன்றியின் விரையையும் பிழிந்த சாற்றைத் தமக்குத் தாமே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டதாகவும், அதனால் இழந்த பலமும் உற்சாகமும் திரும்பி வந்துவிட்டதாகவும் அறிவித்தார். அந்தச் சாற்றில் அவர் சொன்ன பயன் எதுவும் இருந்திருக்க இடமில்லை. ஆனால் அவருடைய வார்த்தை ஐரோப்பாவெங்கும் பரவி, சில ஆண்டுகளுக்குள் பெண்களுக்குச் சினைப்பைச் சாறு கொடுக்கும் வழக்கமும் தோன்றிவிட்டது. உண்மையான ஹார்மோனைப் படிக வடிவில் பிரித்தெடுத்தது 1929-இல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் புடெனான்டும் ஒருவரையொருவர் சாராமல், கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தார்கள். 1941-இல் கனடாவிலும் 1942-இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த பிரெமரின் என்னும் மாத்திரை, சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் கலவை. கனடாவின் மானிடோபாப் புல்வெளிகளில் இதற்காகவே குதிரைப் பண்ணைகள் பல இருந்தன.

இதுவரை கேடொன்றுமில்லை. சூட்டைத் தணிக்கும் மருந்து, சூட்டினால் வருந்துபவர்க்குக் கொடுக்கப்பட்டது. 1966-ஆம் ஆண்டில்தான் கதை திசை மாறியது. நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் வில்சன் என்னும் மகப்பேறு வைத்தியர், பெண்மை என்றும் நிலைத்திருக்கும் என்று தலைப்பிலேயே வாக்களித்த ஒரு நூலை எழுதி, மாதவிடாய் நிற்பது நீரிழிவைப் போன்றதொரு குறைபாட்டு நோயென்றும், ஆயுள் முழுதும் ஈஸ்ட்ரோஜன் உட்கொள்ளும் பெண் யௌவனத்தை இழக்கமாட்டாளென்றும் சாதித்தார். மாதவிடாய் நின்ற பெண்ணைப் பற்றி அந்நூலில் அவர் எழுதியிருப்பவற்றை இச்சபையில் எடுத்துச் சொல்ல நா கூசுகிறது. நூல் லட்சக்கணக்கில் விற்றது. அவருக்கு மருந்துக் கம்பெனியின் பணம் வந்துகொண்டிருந்த செய்தியைப் பின்னாளில் அவருடைய மகனே வெளிப்படுத்தினார்.

முதல் அடி 1975 டிசம்பரில் விழுந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியே உட்கொண்ட பெண்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் பல மடங்கு கூடுதலாக வருவதை இரண்டு ஆய்வுகள் ஒரே சமயத்தில் காட்டின. காரணம் விளங்காததன்று: மாதந்தோறும் ஈஸ்ட்ரோஜன் வளர்க்கும் அந்த உட்சுவரைப் புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோன் பக்குவப்படுத்திக் கழித்துவிடுகிறது, பின்னது இல்லாமல் முன்னதை மட்டும் கொடுத்தால் வளர்ச்சி மட்டுமே மிஞ்சும். ஆகவே கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோனையோ அதன் செயற்கை வடிவமான புரோஜெஸ்டினையோ சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது, ஆபத்து அடங்கியது, விற்பனை மறுபடியும் ஏறியது.

ஏறியதற்குப் புதியதொரு நியாயமும் கிடைத்திருந்தது. 1976-இல் அமெரிக்காவில் தொடங்கி 1,21,700 செவிலியரைப் பின்தொடர்ந்த பேராய்வில், ஹார்மோன் உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதியளவே வந்ததாகத் தெரிந்தது. பாதி! இதய நோயே பெண்களின் மரணத்துக்கு முதற்காரணமாயிருக்கும் ஒரு தேசத்தில் இதைக்காட்டிலும் இனிப்பான செய்தி உண்டோ? சூடும் வியர்வையும் இல்லாத பெண்களுக்கும், அறுபதைக் கடந்தவர்களுக்கும், இதயத்தைக் காப்பாற்றும் பொருட்டு ஹார்மோன் எழுதிக் கொடுக்கலாயினர்.

நம் தருக்க நூலார் பிரத்தியட்சத்தையும் அனுமானத்தையும் வேறு வேறு பிரமாணங்களாக வகுத்ததோடு நில்லாமல், அனுமானம் எங்கெங்கே வழுக்கும் என்பதையும் ஆராய்ந்தார்கள். இங்கே வழுக்கிய இடம் இது: ஹார்மோன் உட்கொள்ளும் பெண்ணும் உட்கொள்ளாத பெண்ணும் அந்த ஒரு மாத்திரையினால் மட்டும் வேறுபட்டவர்களல்லர். முன்னவள் பொதுவாகக் கல்வியும் பொருளும் கூடியவள், புகை பிடிக்காதவள், உடற்பயிற்சி செய்பவள், வைத்தியரிடம் தவறாது போகிறவள். இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு 1980-இல் வெளிவந்த வேறொரு பரிசோதனை சாட்சியாக நிற்கிறது. மாரடைப்பு வந்து தப்பிய ஆண்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் மருந்து ஒரு சாராருக்கும், மருந்தென்று பெயர் பண்ணிய வெற்று மாத்திரை மறுசாராருக்கும் கொடுத்துப் பார்த்ததில், வெற்று மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுள் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர் நூற்றுக்குப் பதினைவர். அதே வெற்று மாத்திரையை ஒழுங்கில்லாமல் சாப்பிட்டவர்களுள் இறந்தவர் இருபத்தெண்மர். மாத்திரைக்குள் ஒன்றுமில்லை. ஒழுங்காகச் சாப்பிடும் சுபாவத்தோடு கூடவே வரும் ஏதோ ஒன்று அவர்களைக் காத்தது. இந்தக் கணக்கை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் நம்ப மறுப்பார். நம்ப மறுப்பவரே பின்னால் நல்ல வைத்தியராகிறார் என்பது என் அனுபவம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, யார் மருந்து உட்கொள்வது, யார் வெற்று மாத்திரை உட்கொள்வது என்பதைத் திருவுளச்சீட்டுப் போல் குலுக்கித் தீர்மானித்துவிட்டு, இரு சாராரையும் ஆண்டுக்கணக்கில் கவனிப்பது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குத் தலைமையேற்ற முதற்பெண்மணியான பெர்னடின் ஹீலி 1991-இல் அறிவித்த உமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்னும் பேராய்வு அப்படி அமைந்தது. கருப்பையுள்ள 16,608 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையோ வெற்று மாத்திரையோ வழங்கப்பட்டது. வயது ஐம்பது முதல் எழுபத்தொன்பது வரை. சராசரி அறுபத்து மூன்று. அந்தச் சராசரியை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். எட்டரை ஆண்டுகள் நடப்பதாயிருந்த பரிசோதனை, சராசரியாக 5.2 ஆண்டுகள் ஆன நிலையில், 2002 ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதமும், இதய நோய் 29 சதவீதமும், பக்கவாதம் 41 சதவீதமும் மிகுந்துவிட்டதாகச் செய்தி உலகமெங்கும் பரவியது. பெண்கள் மாத்திரைகளைக் குப்பையில் எறிந்தார்கள். வைத்தியர்கள் எழுதுகோலை மூடினார்கள்.

அந்தச் சதவீதங்கள் பொய்யல்ல. ஆனால் அதே உண்மையை வேறு விதமாகவும் சொல்லலாம். பதினாயிரம் பெண்கள் ஓராண்டு வெற்று மாத்திரை உட்கொண்டால் அவர்களுள் முப்பது பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். மருந்தை உட்கொண்டால் முப்பத்தெட்டு பேருக்கு வரும். இதய நோய் முப்பதுக்கு முப்பத்தேழு. பக்கவாதம் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்பது. நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது எட்டுக்குப் பதினாறு. மறு தட்டில், இடுப்பெலும்பு முறிவு பதினைந்திலிருந்து பத்தாகவும், பெருங்குடல் புற்றுநோய் பதினாறிலிருந்து பத்தாகவும் குறைந்தன. மொத்த மரணத்தில் வேறுபாடில்லை. 26 சதவீதம் என்று கேட்டவுடன் நான்கு பெண்களில் ஒருத்திக்குப் புற்றுநோய் என்று பொருள் கொண்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்! விகிதத்தைச் சொன்னவர்கள் எதன்மேல் எழுந்த விகிதம் என்பதையும் உடன் சொல்லியிருக்க வேண்டும். பதினாயிரத்துக்கு எட்டு என்பது, ஆயிரத்தில் ஒருத்திக்கும் குறைவு. அது பெரிதா சிறிதா என்று தீர்மானிக்கும் உரிமை, இரவில் நனைந்த தலையணையோடு விழித்திருக்கும் பெண்ணுக்குரியது என்றே நான் கருதுகிறேன்.

இனி அந்தச் சராசரி வயதுக்கு வருவோம். இப்பேராய்வில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கடுமையான சூட்டினால் வருந்துகிறவர்கள், வெற்று மாத்திரை கிடைத்தால் தாங்கமாட்டார்கள் என்பதனால், ஆய்வில் சேர ஊக்குவிக்கப்படவேயில்லை. அதாவது, மருந்து எந்தத் துன்பத்துக்கென்று பிறந்ததோ அந்தத் துன்பமுடையவர்களை ஒதுக்கிவிட்டு, துன்பமில்லாத மூதாட்டிகளின் இதயத்தை அது காக்குமா என்று சோதித்தார்கள். காக்கவில்லை. வில்சனின் காயகற்பத்துக்கு அளிக்கப்பட்ட தீர்ப்பு அது, நியாயமான தீர்ப்பு. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட 4,532 பெண்களிடம் நடத்திய துணை ஆய்வில் நினைவழியும் நோய் இரட்டிப்பாயிற்று என்பதும் அதனோடு பொருந்துவதே. ஆனால் தீர்ப்பை வாசித்தவர்கள், பிரதிவாதியின் இரட்டைப்பிறவியான நிவாரண மருந்தையும் சேர்த்துச் சிறையில் தள்ளிவிட்டார்கள். நாற்பத்தொன்பது வயதில் உறக்கமின்றித் தவிக்கும் பெண்ணிடம், அறுபத்தேழு வயதுப் பெண்ணின் ஆபத்துக் கணக்கைக் காட்டி மருந்தை மறுப்பது பின்வந்த பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் நிகழ்ந்த சாதாரணக் காட்சி.

பின்னர் வந்த செய்திகள் சிறுகச் சிறுகக் கணக்கைத் திருத்தின. கருப்பையை முன்பே அகற்றியிருந்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த மறு பரிசோதனை, பக்கவாத ஆபத்தைக் காரணம் காட்டி 2004-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அவர்களிடையே மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இருபது ஆண்டுகளையொட்டிய தொடர்கவனிப்பின் முடிவில், 2020-இல், அந்நோயும் அதனால் நேரும் மரணமும் அவர்களிடம் குறைந்திருந்ததாகவே தெரியவந்தது. ஆகவே பழியின் பெரும்பங்கு கூடச் சேர்த்த செயற்கைப் புரோஜெஸ்டினைச் சாரும் போலும். பிரான்சில் நடந்த ஆய்வுகள், இயற்கைப் புரோஜெஸ்டிரோனைச் சேர்த்தால் மார்பக ஆபத்து குறைவென்றும், ஈஸ்ட்ரோஜனை வாய்வழி விழுங்காமல் தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் ஜெல்லாகவோ செலுத்தினால் இரத்தக்கட்டி ஆபத்து கூடுவதில்லையென்றும் காட்டின. விழுங்கிய மருந்து முதலில் கல்லீரலை அடைந்து, இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களைப் பெருக்குகிறது. தோல்வழி சென்றது அந்த வழியைத் தவிர்த்துவிடுகிறது. இவ்விரு பரிசோதனைகளிலும் சேர்ந்த 27,347 பெண்களையும் பதினெட்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து எண்ணி 2017-இல் வெளியிட்ட கணக்கில், மருந்து உட்கொண்டவர்களுள் இறந்தவர் 27.1 சதவீதம், வெற்று மாத்திரைக்காரர்களுள் 27.6 சதவீதம். அமிர்தமும் இல்லை, விஷமும் இல்லை.

நிவாரண சக்தியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டியதொன்றுண்டு. பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹார்மோன் சூட்டுத் தாக்கங்களின் எண்ணிக்கையை வெற்று மாத்திரையோடு ஒப்பிடுகையில் முக்கால் பங்கு குறைத்தது. வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்குக்கூட முன்பிருந்ததில் பாதிக்கு மேல் குறைந்தது. காலமே ஒரு மருந்து என்பதையும், மூலிகைச் சூரணங்களைப் புகழ்வோரின் அனுபவ சாட்சியம் எங்கிருந்து வருகிறதென்பதையும் இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இக்கணக்குகள் பெரும்பாலும் வெள்ளையர் இனப் பெண்களுடையவை. நம் பெண்களுக்கு அவற்றை அப்படியே பெயர்த்துவைக்க முடியுமா? மேல்நாட்டில் ஐம்பத்தொன்றாம் வயதையொட்டி நிகழும் மாதவிடாய் நிறுத்தம், இந்தியாவில் நாற்பத்தாறு நாற்பத்தேழிலேயே நிகழ்ந்துவிடுகிறது. மார்பகப் புற்றுநோய் விகிதம் அமெரிக்காவினுடையதில் மூன்றிலொரு பங்களவே. சென்னை போன்ற நகரங்களில் அதைவிடக் கூடுதல் என்பதை, முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம் பேணும் பதிவேடு தெரிவிக்கிறது. அடித்தளம் தாழ்ந்திருக்கையில், அதே 26 சதவீதம் இங்கே பதினாயிரத்துக்கு எட்டுக்கும் குறைவானவர்களையே கூட்டும். ஆனால் நீரிழிவும் மாரடைப்பும் நம்மவரை இளமையிலேயே தாக்குவதால், இரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட ஆபத்து மட்டும் அதே ஆறுதலைத் தராது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து பாராமல் ஹார்மோன் எழுதிக் கொடுக்கும் வைத்தியரை நான் மெச்சமாட்டேன்.

நம் பக்கத்தில் இதைக்காட்டிலும் பெரிய விஷயம் கர்ப்பப்பை எடுப்பு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு மூவர் கருப்பையை இழந்தவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அந்த விகிதம் இரு மடங்குக்கும் மேல். அவர்களுள் பலருக்கு நாற்பது நிறையுமுன்பே அது நடந்துவிடுகிறது. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் கூலிப் பெண்கள், மாதத்தில் மூன்று நாள் வேலை கெட்டுக் கூலி பிடித்தம் ஆகாதிருக்கும்பொருட்டு இச்சிகிச்சைக்கு உட்பட்டதாக 2019-இல் வெளிவந்த செய்தி அரசாங்கத்தையே விசாரணைக்குத் தூண்டியது. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், முப்பத்தைந்து வயதுப் பெண் ஒரே நாளில் மாதவிடாய் நின்றவளாகிறாள். எலும்பும் இதயமும் பதினொன்று பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே காப்பிழக்கின்றன. இவர்களுக்கு ஹார்மோன் கொடுப்பது இயற்கையை மிஞ்சும் முயற்சியன்று; கத்தி பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது. ஏறத்தாழ ஐம்பது வயது வரையிலாவது கொடுக்க வேண்டுமென்பதில் வைத்திய உலகத்தில் இன்று பெரிய பிணக்கில்லை. கருப்பை இல்லாமையால் புரோஜெஸ்டின் சேர்க்கவும் பொதுவாகத் தேவையில்லை. இத்தனை அனுகூலங்கள் பொருந்திய இப்பெண்களுள் எத்தனை பேரிடம், அறுவையன்று, இந்தச் செய்தியைச் சொல்லி அனுப்புகிறார்கள் என்று அவையிலுள்ள வைத்திய நண்பர்களையே கேட்கிறேன்.

மற்றவர்களுக்கு என்ன சொல்வது? அறுபதுக்குக் கீழே, அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் இருந்து, சூடும் உறக்கமின்மையும் வாழ்க்கையைக் குலைக்குமானால், மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம், கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவை இல்லாத பெண், தயங்காமல் உட்கொள்ளலாம். தோல்வழி முறை கிடைக்குமானால் அதுவே மேல். ஆண்டுக்கொருமுறை வைத்தியரோடு அமர்ந்து, இன்னும் தேவையா என்று பார்க்கலாம். மார்பகப் புற்றுநோய் வந்து மீண்டவர்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த சுவீடன் நாட்டுப் பரிசோதனை, நோய் திரும்பியதனால் பாதியில் நிறுத்தப்பட்டது. அவர்களுக்கு, முன்பு சொன்ன ஹைபோதாலமஸ் அணுக்களையே நேராக அடக்கும் ஃபெசோலினெட்டன்ட் போன்ற ஹார்மோனல்லாத மருந்துகளை வைத்தியர் யோசிக்கலாம். அவற்றிலும் கல்லீரலைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அறுபத்தைந்து வயதில், ஒரு துன்பமும் இல்லாமல், நினைவாற்றலுக்கும் இதயத்துக்கும் நல்லதென்று கேள்விப்பட்டுத் தொடங்க விரும்பும் பெண்ணுக்கு என் விடை, வேண்டாம் என்பதே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், காயகற்ப ஆசை மறுபடியும் தலைதூக்குகிறது. 2016-இல் வெளிவந்த எலைட் என்னும் பரிசோதனை, மாதவிடாய் நின்ற ஆறு ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்களின் கழுத்து இரத்தக்குழாய்ச் சுவர் தடிப்பது சற்று மெதுவானதையும், பத்து ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவர்களிடம் அந்தப் பலன் இல்லாததையும் காட்டியது. அழகான முடிவு, ஆனால் சுவர் தடிப்பது வேறு, மாரடைப்பு வேறு. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், 2003 முதல் இம்மருந்துகளின்மேல் பொறிக்கப்பட்டிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. வேண்டிய திருத்தந்தான். ஆனால் காலத்தோடு தொடங்கினால் இதய நோய் பாதியளவு வரை குறையக்கூடும் என்ற வாசகமும் அவ்வறிவிப்போடு வந்து சேர்ந்தது. செவிலியர் ஆய்வின் பழைய பாதியே வேறு ஆடை உடுத்து வந்திருக்கிறது போலும்! அதே தேசத்தின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவோ, நாட்பட்ட நோய்களைத் தடுக்கும் நோக்கத்துக்காக மட்டும் ஹார்மோன் கொடுக்க வேண்டாமென்று 2017-இலும் 2022-இலும் சொல்லியிருக்கிறது. இவ்விரண்டுள் நான் பின்னதன் பக்கம் நிற்கிறேன். எலும்பு விஷயம் மட்டும் விலக்கு. இடுப்பெலும்பு முறிவைக் குறைப்பது பரிசோதனையில் ஐயந்திரிபற நிலைநாட்டப்பட்ட பலன். எலும்பு மெலியும் ஆபத்துள்ள ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அது தக்கதொரு காரணமே.

எச்சரிக்கை நீங்கியதால் மெய்யாகவே நன்மை பெறவேண்டியவர்கள் வேறு சிலர். எழுபது வயதில் பிறப்புறுப்பு வறண்டு, சிறுநீர்த் தொற்று அடிக்கடி வந்து, வெளியில் சொல்லக் கூசி, மாதத்துக்கொருமுறை நுண்ணுயிர்க்கொல்லி விழுங்கிக்கொண்டிருக்கும் மூதாட்டிகள் அவர்கள். அவ்விடத்திலேயே பூசும் மிகச் சிறிய அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு இரத்தத்தில் ஏறக்குறையக் கலப்பதேயில்லை. தொற்றையும் எரிச்சலையும் அது குறைக்கிறது. வயது வரம்பு அதற்குப் பொருந்தாது. பெரும்பாலோருக்குப் புரோஜெஸ்டினும் வேண்டியதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தச் சிறு குழாயின் பெட்டியிலும், விழுங்கும் மாத்திரைக்குரிய புற்றுநோய், பக்கவாதம், நினைவழிவு எச்சரிக்கைகள் எழுத்துப் பிசகாமல் அச்சடிக்கப்பட்டிருந்தன. களிம்பை வாங்கி வந்து, காகிதத்தைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்ட பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் சிறுநீர் எரிகிறதென்று வரும்போது, மாத்திரை எழுதுவதற்கு முன் அந்தக் குழாய் என்னவாயிற்று என்று வைத்தியர்கள் கேட்க வேண்டும்.